பத்துக்கு ரெண்டு மார்க் வாங்கினா "குட்"டாம்!

பழைய காமிக்ஸ் விற்பவர்கள் எழுதும் வார்த்தைகளில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது "மின்ட் கண்டிஷன்". அதற்கு அடுத்தது "குட் கண்டிஷன்". முதலாவது பெரும்பாலும் பொய். இரண்டாவது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் வாங்குகிறவருக்குப் புரியாத உண்மை.

ஏன் என்று சொல்கிறேன். காமிக்ஸ் சேகரிப்பை ஒரு பெரிய தொழிலாகவே மாற்றி வைத்திருக்கும் அமெரிக்காவில், ஒரு புத்தகத்தின் நிலையை 0.5-ல் தொடங்கி 10 வரை மார்க் போட்டுச் சொல்வார்கள். நடுவில் நிறைய படிகள் உண்டு. முக்கியமானவை மட்டும் இங்கே:

9.9 - மின்ட்
9.4 - நியர் மின்ட்
8.0 - வெரி ஃபைன்
6.0 - ஃபைன்
4.0 - வெரி குட்
2.0 - குட்
1.0 - ஃபேர்
0.5 - புவர்

பார்த்தீர்களா? "வெரி குட்" என்றால் நூற்றுக்கு நாற்பது. "குட்" என்றால் இருபது. நம்ம காலேஜில் "வெரி குட்" வாங்கினவனே அரியர் எழுத வேண்டியதுதான் :-)

இது தெரிந்த விற்பனையாளர், தெரியாத மாணவனிடம் "புக் குட் கண்டிஷன் தம்பி" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பையன் ஏமாந்துவிட்டான். முதுகு கிழிந்து, அட்டை மடிந்து, மூலையெல்லாம் உருண்டு போன புத்தகம் கையில் வந்த பிறகுதான் அவனுக்கு அந்த ஆங்கில வார்த்தையின் அர்த்தம் புரியும்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். கிரேடு என்ற வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள். குறைகளின் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். மீதி எல்லாம் இதற்கான வாதம்.

இந்த மார்க் எங்கிருந்து வந்தது?

"குட்", "ஃபைன்" போன்ற சொற்கள் காமிக்ஸுக்காகப் பிறந்தவை அல்ல. பழைய நாணயம், பழைய புத்தகம் விற்பவர்கள் ரொம்ப காலமாகப் பயன்படுத்தியவை. நாணயத்துக்கு 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் 70 மார்க் அளவுகோல் ஒன்றைக் கொண்டு வந்தார். அதில் "குட்" என்பதற்கு எவ்வளவு தெரியுமா? 70-க்கு 4! ஆக, சேகரிப்பு உலகத்தில் "நல்லது" என்ற சொல் எப்போதுமே கீழ்ப்படிதான்.

காமிக்ஸுக்கு 1970-ல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் ஒரு விலைப்பட்டியல் நூல் வெளியிட்டார். நிலைக்கு ஏற்ப விலை என்பது அதற்குப் பிறகு ஒழுங்குக்கு வந்தது. அது நியாயமான தேவைதான். தபாலில் புத்தகம் வாங்குகிறவன் புத்தகத்தைப் பார்க்க முடியாது. அனுப்புகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும். 2000-ம் ஆண்டில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் வந்தது. வாங்குபவர், விற்பவர் இருவரும் இல்லாத மூன்றாவது ஆள் மார்க் போட்டு, புத்தகத்தை பிளாஸ்டிக் பெட்டியில் மூடி, மேலே சீட்டு ஒட்டித் தருவார்.

பணம் எவ்வளவு புரள்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த "அமேசிங் ஃபேன்டஸி" 15-வது இதழ் (1962). 9.6 மார்க் வாங்கிய ஒரு பிரதி 2021-ல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே இதழின் அடிமட்டப் பிரதி சில பத்தாயிரம் டாலருக்குக் கிடைக்கும். கதை ஒன்று, படம் ஒன்று, விளம்பரம்கூட ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க நிலையில். அப்படி இருக்கும்போது நிலையைச் சொல்லும் வார்த்தையை எவ்வளவு பொறுப்போடு பயன்படுத்த வேண்டும்?

சொல்லை இறக்குமதி செய்தோம், விதியை விட்டுவிட்டோம்

அமெரிக்கக்காரர்கள் அந்தச் சொற்களோடு விதிகளையும் வைத்திருக்கிறார்கள். 9.4 என்றால் முதுகில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற ஓரிரண்டு சின்னக் கோடுகள் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. கதைப் பக்கம் ஒன்று இல்லையென்றால் அட்டை எவ்வளவு பளபளத்தாலும் புத்தகம் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

நம்ம பக்கம் வரும் விளம்பரங்களைப் பாருங்கள். "நியர் மின்ட், லேசான பழுப்பு, முதல் பக்கத்தில் பேனாவில் பெயர்." "மின்ட், நடுப்பக்கம் மட்டும் இல்லை." அட சாமி! நடுப்பக்கம் இல்லாத மின்ட் என்பது, இன்ஜின் மட்டும் இல்லாத புது பைக் மாதிரி.

ஆனால் விதியைச் சரியாகக் கடைப்பிடித்தாலும் கிரேடு போதாது என்பதுதான் என் கட்சி. இரண்டு பிரதிகளை வைத்துக் கொள்வோம். ஒன்று, நாலு பேர் படித்து, முதுகு தளர்ந்து, அட்டையில் மடிப்புகள் விழுந்த பிரதி. எல்லாப் பக்கமும் இருக்கிறது, கறை இல்லை. இன்னொன்று, புத்தம் புதிது மாதிரி இருக்கிறது, ஆனால் மேலிருந்து கீழ் வரை தண்ணீர் இறங்கிய பழுப்புக் கறை. இரண்டுக்கும் 4.0 கிடைக்கலாம். இரண்டும் ஒரே புத்தகமா? முதலாவது படித்த புத்தகம். இரண்டாவது நனைந்த புத்தகம். எனக்கு முதலாவது வேண்டும், உங்களுக்கு இரண்டாவது பிடிக்கலாம். 4.0 என்ற எண் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது. மொத்த மார்க்கைப் பார்த்தால் எந்தப் பாடத்தில் ஃபெயில் என்று தெரியாது இல்லையா, அதே கதைதான்.

எப்படிப் பார்ப்பது? உள்ளேயிருந்து வெளியே

எல்லோரும் அட்டையிலிருந்து தொடங்குகிறோம். அங்கேதான் விற்பனையாளர் ஜெயிக்கிறார். தலைகீழாகத் தொடங்குங்கள்.

முதலில் பக்கம் எண்ணுங்கள். வெட்கப்படாதீர்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நடுவில் மடித்துப் பின் அடித்த புத்தகம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது சுலபம். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். 32 பக்கப் புத்தகம் என்றால் எட்டுத் தாள், ஒன்றுக்குள் ஒன்று. 5-6 பக்கம் இருக்கும் தாளின் மறுபாதிதான் 27-28. முன்னால் ஒரு தாள் கிழிந்து போயிருந்தால் பின்னால் அதன் ஜோடியும் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும், அல்லது அதுவும் போயிருக்கும். நடுத்தாள் கழன்று விழுந்தால் 15, 16, 17, 18 நாலும் ஒரேயடியாகப் போச்சு. பின்னிலிருந்து முதலில் கழல்வதும் பெரும்பாலும் அந்த நடுத்தாள்தான். பக்க எண் அச்சிடாத புத்தகம் என்றால் கதையைப் படித்துப் பாருங்கள். ஹீரோ கிணற்றில் விழுந்து அடுத்த கட்டத்தில் விமானம் ஓட்டினால் சந்தேகப்படுங்கள். (சில கதைகளில் நிஜமாகவே அப்படித்தான் வரும், அது வேறு விஷயம்.)

அடுத்து, எதையாவது வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கூப்பன், போட்டி, ஸ்டாம்ப். இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் "இன்கிரெடிபிள் ஹல்க்" 181-வது இதழ் (நவம்பர் 1974). வுல்வரின் முழுமையாக வந்த முதல் இதழ். அந்த வருஷங்களில் மார்வெல் தன் இதழ்களில் ஒரு சின்ன ஸ்டாம்ப் அச்சிட்டு, வெட்டி ஒட்டிச் சேர்க்கச் சொன்னது. குழந்தைகளும் சொன்னபடி சமர்த்தாக வெட்டினார்கள்! இன்று அட்டை கண்ணாடி மாதிரி இருக்கும் ஒரு ஹல்க் 181-ல் அந்தச் சதுரம் மட்டும் ஓட்டையாக இருந்தால் விலை தடாலடியாக விழுந்துவிடும். அட்டையை ஆயிரம் கோணத்தில் போட்டோ எடுத்து அனுப்பினாலும் இது தெரியாது.

மூன்றாவது, பின். துரு பிடித்திருக்கிறதா? துரு பின்னோடு நின்றிருக்கிறதா, காகிதத்திலும் இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால் அந்த இடத்தில் காகிதம் செத்துவிட்டது, சீக்கிரம் தாள் கழலும். நாற்பது வருஷப் புத்தகத்தில் பின் மட்டும் பளபளவென்று இருந்தால் அது புதுப் பின். ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பக்கத்திலேயே பழைய ஓட்டைகள் இருந்தால் பதில் அங்கேயே கிடைக்கும்.

நான்காவது, காகிதம். காமிக்ஸ் அச்சான மலிவுக் காகிதம் மரக்கூழிலிருந்து வந்தது. அதில் இருக்கும் லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகிறது, அமிலம் இழைகளை அரிக்கிறது. வெள்ளை, இளமஞ்சள், பழுப்பு, அப்புறம் மொறுமொறு. பழுப்பு வரை பிரச்னை இல்லை, படிக்கலாம். மொறுமொறு ஆகிவிட்டால் திரும்பி வராது, ஒவ்வொரு முறை புரட்டும்போதும் கொஞ்சம் உதிரும். இதைச் சோதிக்க மூலையை மடித்துப் பார்க்கும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள். அது சோதனை இல்லை, கொலை. புத்தகம் இருந்த பையின் அடியில் பாருங்கள். தூள் கிடந்தால் விஷயம் முடிந்தது.

காகிதம் எங்கே இருந்தது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு எட்கர் சர்ச் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துக்காரர், ஓவியர். 1930-களின் இறுதியிலிருந்து வாங்கிய காமிக்ஸை இருட்டான இடத்தில் உயர உயர அடுக்கி வைத்திருந்தார். 1977-ல் சக் ரொஸான்ஸ்கி என்ற கடைக்காரர் அந்த 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை வாங்கியபோது காகிதம் இன்னும் வெள்ளையாக இருந்தது. காரணம் மந்திரம் இல்லை. உலர்ந்த மலைக்காற்று, இருட்டு, ஒன்றன் மேல் ஒன்று அழுத்தியதால் உள்ளே புகாத காற்று. இப்போது நம்ம சென்னையை நினைத்துப் பாருங்கள். கடல் காற்று, புழுக்கம், பரண். இங்கே நாற்பது வருஷப் புத்தகம் "வெள்ளை வெளேர்" என்று யாராவது சொன்னால் அது அதிசயமாக இருக்கலாம், மறுபதிப்பாகவும் இருக்கலாம். நான் இரண்டாவதின் மேல் பந்தயம் கட்டுவேன்.

தண்ணீர் பட்ட புத்தகம் காய்ந்த பிறகும் அலை அலையாக நிற்கும். கறையின் விளிம்பில் ஒரு கோடு தெரியும். மூக்கருகே கொண்டு போங்கள், ஈர வாசம் அடித்தால் பூஞ்சை உள்ளே இருக்கிறது. அதை உங்கள் அலமாரியில் வைத்தால் மற்ற புத்தகங்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்த மாதிரி. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது, தரைத்தளத்தில் இருந்த புத்தகக் கட்டுகளையும் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு அட்டைக்கு வாருங்கள். முதுகில் குறுக்காக விழும் கோடுகளில் இரண்டு வகை. சாதாரணமாக அழுந்திய கோடு ஒன்று, மை உடைந்து வெள்ளை தெரிகிற கோடு இன்னொன்று. இரண்டாவதுதான் மார்க்கை அதிகம் குறைக்கும். அட்டையைப் பின்னால் மடித்துப் பிடித்துப் படித்த புத்தகம் மேஜையில் தட்டையாகப் படுக்காது, முதுகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 1960-களின் மார்வெல் இதழ்களில் அட்டையின் வலது ஓரம் சில்லு சில்லாக உதிர்ந்திருக்கும். அது படித்தவர் செய்த குற்றம் இல்லை, அச்சகத்தில் ஓரம் வெட்டியதில் வந்தது. ஆனாலும் குறை குறைதான்.

குறையை விட மோசமானது, மறைத்த குறை

கிழிந்த புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிழியாதது மாதிரி நடிக்கிற புத்தகத்தின் மேல்தான்.

மை போன இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தடவுவது பழைய தந்திரம். அட்டையைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள், மை ஊறி வந்திருக்கும். சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் தடவிய இடம் வேறு மாதிரி மின்னும். மூலை மழுங்கியிருந்தால் ஓரத்தை அரை மில்லிமீட்டர் வெட்டிவிட்டால் கூர்மையாகிவிடும். அதே காலத்து இன்னொரு இதழைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். ஓரம் மட்டும் பழுப்பே இல்லாமல் புதிதாகத் தெரிந்தால் அதுவும் அடையாளம். அமெரிக்கக்காரர்கள் "கல்யாணம் ஆன புத்தகம்" என்று ஒரு வகையைச் சொல்வார்கள். ஒரு பிரதியின் அட்டை, இன்னொன்றின் உடம்பு! பின் ஓட்டைகள் அட்டையிலும் உள்தாளிலும் ஒரே இடத்தில் பொருந்தாவிட்டால் பொருத்தம் பார்க்காத கல்யாணம் என்று அர்த்தம்.

வெட்டியது, வண்ணம் தடவியது இவற்றைக் கண்டுபிடித்தால் சி.ஜி.சி. ஊதாச் சீட்டு ஒட்டும், விலை இறங்கும். ஆனால் மடிப்பை அழுத்தி நேராக்கும் "பிரஸ்ஸிங்" அங்கே பழுதுபார்த்தலாகக் கணக்கில் வராது. அதாவது குறையை மறைத்தல் எது, சுத்தம் செய்தல் எது என்பதிலேயே அவர்களுக்குள் சண்டை உண்டு. நம்ம ஊரில் சண்டையே வேண்டாம், கலர் ஜெராக்ஸ் அட்டையைப் போட்டு "ஒரிஜினல்" என்றே விற்றுவிடலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து அச்சில் வண்ணம் வரிசையான புள்ளிகளாக இருக்கும். ஜெராக்ஸில் அந்தப் புள்ளிகள் கலங்கியிருக்கும், மேலே டோனரின் மினுமினுப்பு இருக்கும்.

நம்ம புத்தகத்துக்கு அந்த அளவுகோல் பொருந்துமா?

இங்கேதான் எனக்கும் நம்ம "நியர் மின்ட்" பார்ட்டிகளுக்கும் பெரிய தகராறு.

முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்தது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984-ல். இந்திரஜால் 1964-லிருந்து 1990 வரை. இவற்றை வாங்கியவர்கள் சேகரிப்பாளர்கள் இல்லை, பாக்கெட் மணி வைத்திருந்த பிள்ளைகள். படித்தார்கள், மாற்றிக் கொண்டார்கள், பத்துப் பதினைந்து சேர்ந்ததும் அப்பாவிடம் சொல்லி பைண்டிங் போட்டார்கள். பைண்டர் என்ன செய்வார்? பின்னை எடுப்பார், ஓரத்தில் ஊசி குத்தி நூலால் தைப்பார், பசை தடவுவார், மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவார். சில சமயம் அட்டைகளையும் கழற்றிவிடுவார்.

அமெரிக்க அளவுகோலின்படி அந்தப் புத்தகத்தின் கதை முடிந்தது. ஓரம் வெட்டியாச்சு, ஓட்டை போட்டாச்சு, அட்டை இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். உதிரியாகக் கிடந்த இதழ்கள் எடைக்குப் போயின, அடுப்புக்குப் போயின, செல்லரித்துப் போயின. பைண்டிங் போட்டவைதான் வீட்டில் "புத்தகம்" என்ற மரியாதையோடு பிழைத்தன. அமெரிக்காவில் புத்தகத்தைக் கொன்றது என்று கருதப்படும் காரியம் இங்கே புத்தகத்தைக் காப்பாற்றியிருக்கிறது. வாடகை நூலகத்து முத்திரையும், பக்கவாட்டில் போட்ட தடித் தையலும் அப்படித்தான்.

அதற்காக எதுவும் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. குறைதான், சொல்லுங்கள். "பைண்டிங்கிலிருந்து பிரித்தது, ஓரம் வெட்டியது, அட்டை உண்டு, பக்கம் முழுமை" என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? எழுத மாட்டார்கள். பைண்டிங்கைப் பிரித்து, தையல் ஓட்டை தெரியாமல் புதுப் பின் அடித்து, "வெரி ஃபைன்" என்று எழுதுவார்கள். முதுகை ஒட்டி வரிசையாக ஊசி ஓட்டைகள், காய்ந்த பசைத் துணுக்கு, அளவு கொஞ்சம் குட்டை. இந்த மூன்றும் சேர்ந்தால் அது பைண்டிங் பிரதி. வாங்கலாம், ஆனால் அதற்கான விலைக்கு.

நம்ம ஊரின் தனிப் பாவம் ஒன்று உண்டு: அட்டையை லேமினேஷன் செய்வது, கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டுவது. நல்ல எண்ணம்தான். ஆனால் டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சள் எண்ணெய்க் கறையாக இறங்கும். லேமினேஷனை எடுக்கப் போனால் அட்டையின் மையும் சேர்ந்து வரும்.

மறுபதிப்பு விஷயமும் இருக்கிறது. நம்ம பிரபலமான கதைகள் பலமுறை மறுபதிப்பு ஆனவை. இதழ் எண், விலை, வெளியீட்டு வருஷம் அச்சான பக்கத்தின் போட்டோ இல்லாமல் "முதல் பதிப்பு" என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள்.

இதில் பணத்தை விடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. அட்டைதான் எல்லாம் என்று நாம் பழக்கிவிட்டதால், அட்டை இல்லாத, ஆனால் ஒரு பக்கம்கூடக் குறையாத பிரதிகளை "டேமேஜ்" என்று கடைக்காரர்களே எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கதையின் முழு வடிவம் அந்த ஊரில் அந்த ஒன்றில் மட்டும் மிச்சம் இருந்திருக்கலாம். அதே நேரத்தில் நடுத்தாள் இல்லாத பளபள அட்டை ஆயிரக்கணக்கில் விலை போகிறது. முழுமை முதலில், அழகு அப்புறம். இந்த வரிசையை மாற்றி வைத்ததுதான் நாம் செய்த பெரிய தவறு.

"ஆனா பாஸ்..." என்பவர்களுக்கு

"பழைய புத்தகம்னா அப்படித்தான் இருக்கும்." சரி. அப்படியானால் விலையும் பழைய புத்தக விலையாக இருக்கட்டும். விலை சொல்லும்போது "அபூர்வ பொக்கிஷம்", குறையைக் கேட்டால் "பழைய புத்தகம்தானே". இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

"போட்டோ போட்டிருக்கே, பார்த்துக்க வேண்டியதுதானே?" போட்டோவில் வாசம் வராது, பக்கம் எண்ண முடியாது, ஃபிளாஷ் வெளிச்சத்தில் மடிப்பு மறைந்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து எடுத்த போட்டோ என்றால் இன்னும் மோசம்.

"அப்போ சி.ஜி.சி. பெட்டியில் இருப்பதை வாங்கு." பெட்டிக்குள் இருப்பதைப் படிக்க முடியாது என்பதை விடுங்கள். 2023 இறுதியில் அங்கேயே ஒரு பெரிய விவகாரம் வெடித்தது. உயர்ந்த மார்க் சீட்டு ஒட்டிய பெட்டிக்குள் மட்டமான பிரதியை மாற்றி வைத்து விற்றிருக்கிறார்கள். நிறுவனமே சந்தேகத்துக்குரிய சான்று எண்களைப் பட்டியலிட்டு வெளியிட வேண்டியதாயிற்று. கண்டுபிடிக்க உதவியது எது தெரியுமா? சீட்டில் இருந்த எண்ணோடு, பழைய போட்டோவில் தெரிந்த குறைகளையும் இப்போதைய பிரதியின் குறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த வாசகர்களின் கண்கள். மார்க் பொய் சொன்னபோது குறைகள்தான் சாட்சி சொல்லின.

"நீ படிக்க வாங்கறியா, வியாபாரம் பண்ணவா?" படிக்கத்தான். அதனால்தான் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று கேட்கிறேன்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. பக்கங்கள் எண்ணிப் பார்த்தீர்களா? நடுத்தாள், கூப்பன், எல்லாம் உண்டா?
2. அட்டை இந்தப் பிரதியின் அட்டைதானா? அசலா, நகலா?
3. பின், தையல், பசை: எதையாவது மாற்றியிருக்கிறார்களா? பைண்டிங்கிலிருந்து பிரித்ததா?
4. தண்ணீர், பூச்சி, டேப், வண்ணம் தடவியது, ஓரம் வெட்டியது: இதில் எது உண்டு?
5. இதழ் எண், வருஷம், விலை அச்சான பக்கத்தின் போட்டோ தர முடியுமா?

இந்த ஐந்துக்கும் பதில் சொல்கிறவர் "குட்" என்று எழுதினாலும் "சுமார்" என்று எழுதினாலும் தைரியமாக வாங்கலாம். "மின்ட் சார், நம்பி வாங்குங்க" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் காசில் நாலு கிழிந்த, முழுமையான புத்தகங்கள் கிடைக்கும்.

விற்பனையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் உங்கள் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. குறையைச் சொல்லி விற்றவரிடம் வாங்குகிறவன் திரும்பி வருவான். மறைத்து விற்றவரிடம் ஒரே ஒரு தடவைதான் வருவான். காமிக்ஸ் வாங்குகிற கூட்டம் ஏற்கெனவே சின்னது. பத்தாவது படிக்கிற ஒரு பையன் முதல் முறை சேர்த்து வைத்த காசில் வாங்கி ஏமாந்தால், அவனோடு அவன் நண்பர்கள் நாலு பேரும் இந்தப் பக்கம் வர மாட்டார்கள். பிறகு உங்கள் "மின்ட்" புத்தகங்களை நீங்களே படித்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

பி.கு.: புத்தகங்களை வீட்டில் வைத்திருக்கும் மகா ஜனங்களே, பாச்சை உருண்டையைப் புத்தகத்தின் மேலேயே போடாதீர்கள், வெயில் படும் ஜன்னலோரம் அடுக்காதீர்கள், பழைய சாமானை ஒழிக்கும்போது அட்டை இல்லாததையெல்லாம் தூக்கிப் போடாதீர்கள். முதலில் பக்கம் எண்ணுங்கள்.